கொட்டகுடிக் கயிற்றுப்பாதையும் முதலாண்டுப் பௌதிகமும்

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயிலப் புகுந்த மாணவருக்கு வாரந்தோறும் வீட்டில் செய்து வரும்படி கொடுக்கப்படும் கணக்குகளை, வகுப்பில் கேட்ட விதிகள் மறந்து போகாதிருக்கும் பொருட்டு அளிக்கும் பயிற்சி என்று எண்ணுவதே நம்மிடையே பெருவழக்காக இருந்துவருகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதுகிறார். மாணவர் வீட்டுக்குச் சென்று அதில் எண்களை இட்டு விடை காண்கிறார். அவ்விடை நூலின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துவிட்டால் அக்கணக்கு முடிந்ததென்று கொண்டு அடுத்ததற்குப் போகிறார். ஆனால் ஒரு நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டு, அதில் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதைத் துணிந்து விட்டுவிடுவது, எந்த விதியை அதன்மேல் செலுத்துவது என்று தீர்மானிக்கும் செயலே பௌதிகக் கணக்கின் உயிர்நாடி என்பதும், பாடநூற் கணக்குகளில் பெரும்பாலானவற்றில் அச்செயலை நூலாசிரியரே செய்து முடித்துவிடுவதால் மாணவருக்கு எஞ்சுவது எண்கணிதம் மாத்திரமே என்பதும் என் துணிபு. உராய்வைப் புறக்கணிக்க என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்த இடத்தில் புறக்கணிக்கலாம், எந்த இடத்தில் புறக்கணித்தால் விடை விபரீதமாகும் என்று அறிவது எப்படி என்னும் வினா மட்டும் எழுவதேயில்லை.

இதை ஆராய்வதற்குப் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளையும் நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், ஓர் அளவு மாறும்போது மற்றோர் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதை அவ்வூரைப்போல் வெளிப்படையாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பதே. கடல்மட்டத்துக்குச் சுமார் 350 மீட்டர் உயரத்தில் வெயிலில் காயும் ஊரிலிருந்து, கொண்டை ஊசி வளைவுகள் பதினேழைக் கடந்து ஏறினால், 1,400 மீட்டரை ஒட்டிய உயரத்தில், குளிரும் மூடுபனியும் நிறைந்த போடிமெட்டு வந்துவிடுகிறது. மேலே விளையும் ஏலக்காய் கீழே இறங்கி நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் விலைபோகிறது. கீழே விளையும் அரிசியும் காய்கறியும் மேலே ஏறுகின்றன. சி.பி.ஏ. கல்லூரி என்று வழங்கும் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இவ்வூரில் இருக்கின்றன. அங்கே பயில வரும் பிள்ளைகளில் பலர், தோட்டத்தில் காய் பறிக்கும் தாய்மார்களுக்கும் மலைப்பாதையில் வண்டி ஓட்டும் தந்தையருக்கும் பிறந்தவர்கள். உயரம், சுமை, பிரேக்கு, ஈரம், சூடு ஆகியவை அவர்களுக்குப் பிறந்தது முதல் பழக்கமானவை. அந்தப் பழக்கம் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

கயிற்றுப்பாதையிலிருந்து தொடங்குகிறேன். மூணாறை அடுத்த குண்டளைப் பள்ளத்தாக்கில் விளைந்த தேயிலையை வெளியுலகுக்குக் கொண்டுவருவதற்காக 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிப்பாதை ஒன்று அமைந்தது. 1908இல் அதனிடத்தில் இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதை வந்தது. அப்பாதை முடிந்த மலையுச்சிக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். உயரம் சுமார் 1,880 மீட்டர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் சரிவைக் கடந்து கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்து, மேற்கொண்டு சென்று கப்பலேறின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளை ரயில்பாதையை அழித்தது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததோ 1928இல்.

இந்த வரலாற்றிலிருந்து முதலாண்டு மாணவருக்கு ஒரு கணக்கு எழுதலாம். ஆயிரம் கிலோ தேயிலை, உச்சியிலிருந்து ஆயிரம் மீட்டர் கீழே உள்ள இடத்துக்குக் கம்பிவடத்தில் இறங்குகிறது. ஆயிரம் என்பது கணக்குக்கு எளிதாக நான் வைத்துக்கொண்ட எண். கீழே வந்து சேரும்போது அதன் வேகம் என்ன? சூத்திரம் அறிந்த மாணவர் நிலை சக்தியை இயக்க சக்திக்குச் சமமாக்கி, நொடிக்கு 140 மீட்டர் என்று எழுதி, அதன் கீழ் இரட்டைக் கோடு போட்டுவிடுவார். எண்கணிதத்தில் பிழையில்லை. ஆனால் நொடிக்கு 140 மீட்டர் என்பது மணிக்கு 504 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தேயிலைப் பெட்டி வந்து மோதினால் கொட்டகுடியில் பெட்டியும் மிஞ்சாது, அதை இறக்க நின்ற ஆளும் மிஞ்சமாட்டார். ஜார்ஜ் போலியா என்னும் கணித மேதை 1945இல் வெளியிட்ட நூலில், ஒரு கணக்கைத் தீர்ப்பதை நான்கு படிகளாக வகுத்தார்: வினாவை விளங்கிக்கொள்வது, வழி வகுப்பது, அவ்வழியே செல்வது, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது. நம் வகுப்புகளில் முதலில் உதிர்ந்துபோவது இந்த நான்காம் படிதான். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாதல்லவா?

திரும்பிப் பார்க்கும் மாணவருக்கோ அந்த 140 என்னும் எண் ஒரு புதையலாகிறது. பெட்டி உண்மையில் மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டியே வந்து சேர வேண்டுமானால், இழந்த நிலை சக்தியாகிய 98 லட்சம் ஜூலும் எங்கே போயிற்று? பிரேக்கில் உஷ்ணமாயிற்று என்பது ஒரு விடை. எவ்வளவு உஷ்ணம் என்று கேட்டால், 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 31 லிட்டர் அளவுக்குக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம். ஒரு டன் தேயிலை இறங்கும் ஒவ்வொரு தடவையும் அத்தனை உஷ்ணத்தையும் பிரேக்குக் கட்டைகள் வாங்கிக்கொண்டு காற்றில் விட்டாக வேண்டும் என்பது தெரிந்தவுடன், பிரேக்கின் பரப்பையும் இறக்கும் வேகத்தையும் ஏன் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது ஒருவர் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இரண்டாவது விடை இதனினும் அழகியது. வளையமாகச் சுற்றும் கம்பிவடத்தில் ஒருபுறம் சுமை இறங்கும்போது மறுபுறம் சுமை ஏறலாம்; இறங்கும் தேயிலை, ஏறும் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போகலாம். இறங்குவது 100 கிலோ, ஏறுவது 80 கிலோ என்று வைத்துக்கொண்டு, உராய்வும் பிரேக்கும் இல்லையென்று கற்பித்துப் பார்ப்போம். இங்கே ஒரு மாணவர், ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கிலோமீட்டர் வீழ்ச்சி என்பதிலிருந்து சரிவைக் கண்டு, சுமைகளின் மேல் உள்ள விசைகளைப் பிரித்து, முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 0.22 மீட்டர் என்று பெற்று, ஐந்து கிலோமீட்டரின் முடிவில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 47 மீட்டர் என்று காண்கிறார். மற்றொரு மாணவர் சக்தி அழியாமை விதியை எடுத்துக்கொண்டு, நிகரமாக 20 கிலோ இறங்குகிறது, 180 கிலோ நகர்கிறது என்று இரண்டே வரியில் எழுதி, அதே 47 மீட்டரை அடைகிறார். இரண்டாமவர் ஐந்து கிலோமீட்டர் என்னும் எண்ணைத் தொடவேயில்லை. பாதை ஐந்து கிலோமீட்டரானாலும் எட்டு கிலோமீட்டரானாலும், வீழ்ச்சி மாறாதவரை இறுதி வேகம் மாறுவதில்லை என்பதை அவர் கணக்குப் போட்டபோதே கண்டுகொண்டார். முதலாமவர் அதைக் காண்பதற்கு இன்னொருமுறை கணக்குப் போட வேண்டும். வினாவில் கொடுத்த எண்கள் அனைத்தையும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று நம் மாணவரிடையே வேரூன்றியிருக்கும் நம்பிக்கையைக் களைவதற்கு இப்படிப்பட்ட கணக்கே தக்க மருந்து.

இவ்விருவருக்கும் உள்ள வேறுபாட்டை முறைப்படி ஆராய்ந்தவர்கள் உண்டு. மிஷலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய மூவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஹாலிடேயும் ரெஸ்னிக்கும் எழுதிய புகழ்பெற்ற பாடநூலிலிருந்து எடுத்த கணக்குகளை, தீர்க்கச் சொல்லாமல், இனம் பிரித்து அடுக்க மட்டும் சொன்னார்கள். தொடக்க நிலை மாணவர்கள், சரிவுப்பலகை வரும் கணக்குகளை ஒரு பக்கமும் சுருள்வில் வரும் கணக்குகளை ஒரு பக்கமும் கப்பி வரும் கணக்குகளை ஒரு பக்கமுமாக வைத்தார்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்தவர்களோ, சரிவுப்பலகையையும் சுருள்வில்லையும் ஒரே அடுக்கில் சேர்த்து, இவை சக்தி அழியாமையால் தீர்பவை என்றார்கள். முன்னவர் கண்டது பொருளின் தோற்றம். பின்னவர் கண்டது அதன் அடியில் ஓடும் விதி. கொட்டகுடிக் கணக்கைக் கயிற்றுக் கணக்கு என்று பெயரிட்டுக் கப்பிப் பாடத்தின் பக்கங்களைப் புரட்டும் மாணவர் அறிவில் குறைந்தவர் அல்லர்; விதியின் பெயரால் கணக்குகளை இனங்காணும் பழக்கத்தை அவருக்கு யாரும் ஏற்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

கணக்கை மேன்மேலும் போட்டால் அப்பழக்கம் தானே வந்துவிடாதா என்பர் சிலர். கொரியாவில் கிம், பாக் என்னும் இருவர் இதைச் சோதித்து 2002இல் அமெரிக்கப் பௌதிக இதழொன்றில் எழுதினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளைத் தீர்த்துத்தள்ளிய பின்னும் இயக்கவியலின் அடிப்படைக் கருத்துகளில் மாணவர்களுக்கு இருந்த இடர்ப்பாடு நீங்கவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மேசூர், கடினமான சுற்றுக்கணக்குகளைச் சரியாகத் தீர்க்கும் தம் மாணவர்களே, எண் ஏதும் இல்லாத எளிய கருத்து வினாவில் தடுமாறுவதை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டு, தம் போதனை முறையையே மாற்றிக்கொண்டார். வழிகாட்டி நூல்களையும் வினாவங்கிகளையும் மலைபோல் குவித்து வைத்திருக்கும் நம் நாட்டில் இவ்விரண்டு முடிவுகளையும் ஒவ்வோர் ஆசிரியரும் சிந்தித்தாக வேண்டும்.

விதியைக் கண்டுகொள்வதோடும் காரியம் முடிந்துவிடவில்லை. எதை விட்டுவிட்டோம் என்பதை நினைவில் வைத்திருப்பது அதனினும் முக்கியம். விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றன. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் எந்த வேகம்வரை வண்டி வழுக்காமல் திரும்பும் என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ள கணக்கு. உராய்வுக் குணகம் 0.7 என்றால், மணிக்கு 36 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று விடை வருகிறது; மழையில் அக்குணகம் பாதியானால் வேகம் 26 ஆகிறது. கணக்கின் நடுவில் வண்டியின் நிறை இருபுறமும் அடிபட்டுப்போகிறது. ஆகவே ஐவர் ஏறினாலும் பதினைவர் ஏறினாலும் ஒன்றே என்று மாணவர் முடிவு கட்டுகிறார்.

அம்முடிவு உயிருக்கு ஆபத்தானது. வண்டியை ஒரு புள்ளியாகக் கொண்டதால் வந்த முடிவு அது. வண்டிக்கு அகலமும் உயரமும் உண்டு. வளைவில் அது வழுக்கலாம், கவிழவும் செய்யலாம். சக்கரங்களின் இடைவெளியில் பாதி 0.7 மீட்டர் என்றும், காலி வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.75 மீட்டர் உயரத்தில் உள்ளதென்றும் கொண்டால், கவிழும் வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். அதற்கு முன்பே வண்டி வழுக்கத் தொடங்கி ஓட்டுநருக்கு எச்சரிக்கை தந்துவிடும். ஆட்களையும் மேல்தட்டில் மூட்டைகளையும் ஏற்றி அம்மையம் 1.2 மீட்டருக்கு உயர்ந்துவிட்டாலோ, கவிழும் வேகம் 33க்கு இறங்கிவிடுகிறது. இப்போது வழுக்கலுக்கு முன்பே கவிழ்தல் வந்துவிடுகிறது, எச்சரிக்கை இல்லை. தார் நன்றாகப் பிடிக்கும் உலர்ந்த சாலையில்தான் இது நேரும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். நிறை அடிபட்டுப்போனது உண்மை. அந்நிறை எங்கே அமர்ந்திருக்கிறது என்பது அடிபட்டுப்போகவில்லை. தன் தாய் ஏறிச்செல்லும் வண்டியைப் பற்றிய இக்கணக்கை ஒரு மாணவி ஒருமுறை தானே போட்டுவிட்டால், திருப்புத்திறன் என்னும் பாடத்தை எதன்பொருட்டுப் படிக்கிறோம் என்று அவளுக்கு வேறொருவர் சொல்லவேண்டியதில்லை.

போடியின் மேற்குமலையைப் பற்றிப் பேசும்போது அதன் அடிவாரத்துச் சிற்றூராகிய பொட்டிபுரத்தை விட்டுவிட இயலாது. இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தை அம்மலைக்கு அடியில் குடைந்து அமைக்க வேண்டும் என்னும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் நம் நாட்டு விஞ்ஞானிகளும் இருந்தார்கள் என்பதால், அந்த மரபைத் தொடரவேண்டும் என்று விரும்பியவர்கள் ஒருபுறம். காடும் நீரும் மலையும் கெடும் என்று அஞ்சி எதிர்த்த ஊர்மக்களும் இயக்கங்களும் மறுபுறம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில், புலிகள் நடமாடும் வழித்தடத்தில் இத்திட்டத்தை ஏற்க இயலாதென்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவ்வாதத்தில் இருதரப்பாரும் பேசிய பல செய்திகள் முதலாண்டு மாணவரின் கைக்கு எட்டுபவை. ஆய்வுக்கூடத்தில் அமையவிருந்த கருவியின் நிறை 50,000 டன் என்றார்கள். 151 இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றும் 48 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 5.6 சென்டிமீட்டர் தடிமன். இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. பெருக்கினால் ஒரு தட்டு 338 டன். மொத்தம் ஏறக்குறைய 51,000 டன். சொன்னது சரிதான் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. மலையை ஏன் குடைய வேண்டும்? வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மியுவான் துகள்களைத் தடுப்பதற்கு. பாறையில் செல்லும் மியுவான், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் பாறையைக் கடக்கும்போது சுமார் 20 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியை இழக்கிறது. ஒரு கிலோமீட்டர் பாறை என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2,70,000 கிராம். ஆகவே கடந்துவரத் தேவையான சக்தி 54,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட். தரையை எட்டும் மியுவானின் சராசரிச் சக்தி 400 கோடியே. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டர் என்னும் அளவு எவருடைய ஆடம்பர ஆசையும் அன்று என்பது இப்பெருக்கலில் புலப்படுகிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6,500 கோடி வீதம், திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் எல்லாருடைய உடலையும் ஊடுருவிச் சென்றுகொண்டேயிருக்கின்றன என்பதையும் சேர்த்து அறிந்தால், நியூட்ரினோவால் தீங்கு என்ற அச்சம் ஆதாரமற்றதென்று கூறலாம்.

அதே மாணவர் எழுதுகோலைக் கீழே வைக்காமல் மறுதரப்பின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கவழி. குறுக்குப் பரப்பு 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் கன மீட்டர். முதன்மைக் குகை சுமார் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 32 மீட்டர் உயரம். அதில் இன்னொரு லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டி அடர்த்தியால் பெருக்கினால், வெட்டி வெளியே கொண்டுவர வேண்டிய பாறை ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல். பத்து டன் லாரிகளில் ஐம்பத்தையாயிரம் நடைக்கும் அதிகம். சிற்றூர்ச் சாலை ஒன்றில் அத்தனை நடை என்றால் என்ன என்பதை அவ்வூரில் வாழ்பவரே அறிவார். அவர் அஞ்சியதை அறியாமை என்று ஒதுக்கியது நியாயமன்று. இக்கணக்குகளை இருதரப்பாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து போட்டிருந்தால், வாதம் நிகழ வேண்டிய இடமாகிய காட்டுரிமை, நீரோட்டம், வழித்தடம் ஆகியவற்றில் நிகழ்ந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அவற்றைத் தீர்க்கும் சூத்திரம் முதலாண்டுப் பாடத்தில் இல்லை.

வகுப்பறைக்கு உடனே எடுத்துச்செல்லத்தக்க கணக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. ஸ்டோர் என்று வழங்கும் தோட்டத்து உலர்த்துகூடத்தில் பச்சை ஏலக்காயை உலர்த்தும்போது ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் காய் தேறுகிறது. நூறு கிலோ பச்சைக்காய்க்கு எத்தனை கிலோ விறகு வேண்டும்? வேறு எண் எதுவும் தராமல் ஆசிரியர் இவ்வளவோடு நிறுத்திவிட வேண்டும். போக வேண்டிய நீர் 80 கிலோ. கிலோவுக்கு 24 லட்சம் ஜூல் என்று நூலில் தேடி எடுத்தால் 19 கோடி ஜூல். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி ஜூல் தருமானால் 13 கிலோ. காயை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேற்றும் செலவு இதில் பதினாறில் ஒரு பங்குதான், அதை விட்டுவிடலாம். விறகடுப்புக் கட்டிய பழைய ஸ்டோர்களில் உண்மையில் எரியும் விறகோ இதைப்போல் பல மடங்கு. மீதி உஷ்ணம் புகைபோக்கி வழியே எவ்வளவு போகிறது, ஈரக்காற்று வெளியேறும் ஜன்னல் வழியே எவ்வளவு, ஏறக்குறைய ஒரு நாள் நீளும் அவ்வுலர்த்தலில் சுவர் குடிப்பது எவ்வளவு என்பன தனித்தனிக் கணக்குகள். ஒரு வெப்பமானியும், விறகு நிறுக்கும் தராசும், ஸ்டோர்க்காரரின் அனுமதியும் இருந்தால், மூன்றையும் ஒரு பருவத்துக்குள் மாணவர்களே அளந்து முடிக்கலாம்.